தம்பி வண்டிக்கு எந்த டர்போ

பட்டறையில் அவளை எல்லோரும் டர்போக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாடிக்கையாளர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், உதிரிபாகம் கொண்டுவரும் வேன் டிரைவர் என்று யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் தேவைப்பட்டதில்லை. லாரி டர்போக்களைப் பிரித்து மாட்டுவதில் ஆரம்பித்து, வேகமான கார்களின் எஞ்சினுக்குத் தெம்பேற்றும் வேலைக்கு வந்தவள். எவ்வளவு முரண்டு பிடிக்கும் எஞ்சினானாலும் பொறுமையாகப் பார்ப்பாள். மனிதர்களிடம் அந்தப் பொறுமை கொஞ்சம் குறைவு. சொந்தத் தம்பியிடம் சுத்தமாகக் கிடையாது.

தம்பி டைல்ஸ் கடை வைத்திருந்தான். மனைவி பிசியோதெரபிஸ்ட். இருவரும் சேர்ந்து ஆசைப்பட்டு, யாரோ ஓட்டிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருந்தார்கள். ஆறு சிலிண்டர் எஞ்சின். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டர்போ. விடுமுறை நாட்களில் ஊருக்கு வெளியே இருந்த பயிற்சி ஓடுபாதைக்கு எடுத்துப் போய், ஆள் மாற்றி ஆள் ஓட்டிவிட்டு வருவார்கள். அதோடு நின்றிருந்தால் டர்போக்கா நிம்மதியாக இருந்திருப்பாள்.

ஒரு காலை, அவள் ஒரு எஞ்சினின் அடியில் படுத்திருந்தபோது தம்பியின் ஷூ தெரிந்தது. கூடவே அவன் போனில் ஓடிக்கொண்டிருந்த வீடியோவின் இரைச்சலும் கேட்டது.

"அக்கா, இந்த டர்போவப் பாரு. இருக்கறதுலயே பெருசு. நம்ம வண்டிக்கு இதுதான்."

அவள் உருண்டு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பார்த்ததுமே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"டேய், எஞ்சின்ல எரிஞ்சு வர்ற புகைதான் டர்போக்குள்ள இருக்கற சக்கரத்தச் சுத்துது. அது சுத்தினாத்தான் காத்து அமுங்கி எஞ்சினுக்குள்ள போகும். சக்கரம் பெருசானா அது சுத்த ஆரம்பிக்கவே நேரமாகும். நீ மிதிச்சிட்டு உக்காந்திருப்ப, வண்டி யோசிச்சிட்டிருக்கும்."

"ஆனா சுத்த ஆரம்பிச்சிட்டா?"

"ஆரம்பிச்சிட்டா மொத்தமா வரும். அந்தக் காத்துக்குத் தகுந்த பெட்ரோல் வேணும். பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் மாத்தணும். பெட்ரோல் பத்தலன்னா பிஸ்டன் மெழுகு மாதிரி உருகிரும். அமுக்கின காத்து கொதிக்கும், அத ஆறவைக்கப் பெரிய இன்டர்கூலர் வேணும். இப்ப இருக்கற கிளட்ச் அந்த இழுப்பத் தாங்காது. பிரேக்கும் பார்க்கணும்."

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்க்கா. முதல்ல டர்போவ மாட்டு."

"ஏன்டா, உன் கடைக்கு வர்றவங்க சிமென்ட் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல டைல்ஸ ஒட்டுன்னு சொன்னா ஒட்டுவியா?"

தம்பி சிரித்தான். ஆனால் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த வீடியோவை அவளுக்கு அனுப்பிவிட்டுத்தான் போனான்.

அன்று மதியமே அவன் மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, அவர் வந்தாரா? பெரிய டர்போ கேட்டாரா?"

"கேட்டான். நான் முடியாதுன்னேன்."

"ரொம்ப நல்லதா போச்சு. இப்ப இருக்கற சைஸ்லயே கொஞ்சம் நல்லதா, சட்டுனு இழுக்கற மாதிரி போட்டுக் குடுத்திருங்க. நான் சொன்னேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லாதீங்க."

"ஏம்மா, ஒரே வீட்டுலதான இருக்கீங்க?"

"இருக்கோம். ஆனா சொல்லாதீங்க."

சரி, பாதித் தொல்லை விட்டது என்று டர்போக்கா இப்போதைய அளவிலேயே இருக்கும் சின்ன டர்போக்களை விசாரித்து வைத்தாள். மறுநாள் தம்பி மறுபடியும் போன் செய்தான். அவன் குரல் ஏதோ ஆஸ்பத்திரியில் நின்று பேசுவதுபோல் தணிந்திருந்தது.

"அக்கா, அவ ஏதாச்சும் பேசினாளா? பேசினா சரின்னு தலையாட்டிட்டு நீ பெருசையே வாங்கிரு. அவகிட்ட சொல்லாத."

அதற்குப் பிறகு இருவரும் டர்போக்காவின் உயிரை வாங்கினார்கள். இவன் ஒரு நாள், மனைவி ஒரு நாள். இவன் சொன்னதை அவளிடம் சொல்லக் கூடாது, அவள் சொன்னதை இவனிடம் சொல்லக் கூடாது. டர்போ விற்கும் கடைக்காரருக்கே அலுத்துவிட்டது. டர்போக்கா போன் செய்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், "இன்னைக்கு எந்த சைஸ்க்கா?" என்று கேட்க ஆரம்பித்தார். பெரிதும் வேண்டாம், சிறிதும் வேண்டாம், நடுவாந்தரமாக ஒரு அளவு இருக்கிறது என்று டர்போக்கா இருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். இருவரும் ஒரே மாதிரி, "அது எதுக்கு?" என்றார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

கடைசியில் அம்மாவே போன் செய்துவிட்டாள்.

"என்னடி, தம்பி என்னமோ பெருசா கேக்கறானாம், நீ சின்னதா தர்றேங்கறியாமே. கூடப் பொறந்தவன்தான? மனசார செஞ்சு குடேன்."

"டர்போன்னா என்னன்னு தெரியுமாம்மா உனக்கு?"

"எனக்கு எதுக்குத் தெரியணும்? அவன் ஆசைப்படறான், அவ்வளவுதான்."

டர்போக்கா போனை வைத்துவிட்டு, பட்டறை வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள். இப்படியே போனால் தலையில் முடிகூட மிஞ்சாது. சொல்லிப் புரியவைக்கிற கட்டம் தாண்டிவிட்டது. ஓட்டிப் பார்த்தால்தான் உறைக்கும்.

அவள் வாடிக்கையாளர்களில் ஒரு பல் டாக்டர் இருந்தார். தம்பியிடம் இருக்கும் அதே மாடல் கார். அதில் அவர் விருப்பப்படி பெரிய டர்போக்களும், அதற்கு வேண்டிய பம்ப், இன்டர்கூலர், கிளட்ச் எல்லாமும் அவள் கையாலேயே மாட்டியிருந்தாள். அவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, தம்பி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் காரைக் கேட்டாள்.

"உங்களுக்காகத் தர்றேன். ஆனா நானும் வருவேன்" என்றார்.

வார விடுமுறையில் நால்வரும் ஓடுபாதையில் கூடினார்கள். வெயில் இதமாக இருந்தது. பாதை ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தன. தம்பி டாக்டரின் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கல்யாண மாப்பிள்ளைபோல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். டர்போக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினாள்.

நேர்ப்பாதையில் ஒன்றும் தப்பில்லை. முதலில் காரிடம் ஒரு மந்தம். அப்புறம் முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் ஒரு வேகம். தம்பி வாய்விட்டுச் சிரித்தான். திருப்பம் வந்தது. வேகத்தைக் குறைத்து வளைத்தான். பாதி திரும்பியதும் மிதித்தான். கார் ஒன்றும் செய்யவில்லை.

"இழுக்க மாட்டேங்குது" என்று இன்னும் அழுத்தினான்.

"கால எடு" என்றாள் டர்போக்கா.

அவன் எடுப்பதற்குள் டர்போக்கள் முழு வேகத்தில் சுழலத் தொடங்கிவிட்டன. அவ்வளவு நேரம் வராதது மொத்தமும் ஒரே மூச்சில் பின் சக்கரங்களுக்கு வந்தது. காரின் பின்பக்கம் வழுக்கி முன்னால் போகப் பார்த்தது. வானமும் புல்லும் கண்ணாடியில் மாறி மாறிச் சுற்றின. ஓரத்துப் புல்வெளியில் ஏறி, வந்த திசையைப் பார்த்தபடி கார் நின்றது.

யாருக்கும் அடியில்லை. காருக்கும் கீறலில்லை. தம்பியின் கைகள் மட்டும் ஸ்டியரிங்கை விட மறுத்தன. டர்போக்கா ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. திட்டுவதற்கென்று அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அவன் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோயிற்று. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து எழுந்தவுடன் இருக்கும் அதே முகம்.

"ஒண்ணும் ஆகல. மூச்ச விடு" என்றாள்.

திரும்பி வந்தபோது பல் டாக்டர் தடுப்புச் சுவரருகே நின்றிருந்தார். ஊரில் எல்லோரையும் பல்லைக் கடிக்காதீர்கள் என்று கண்டிப்பவரின் தாடை இறுகிப்போயிருந்தது. தம்பியின் மனைவி ஓடிவந்து அவன் தோளையும் கழுத்தையும் அமுக்கிப் பார்த்தாள். வலிக்கவில்லை என்று அவன் சொன்னதை நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் டாக்டரிடம் திரும்பினாள்.

"சார், நான் ஒரு ரவுண்டு ஓட்டலாமா?"

டாக்டர் டர்போக்காவைப் பார்த்தார். டர்போக்காவுக்கும் தயக்கம்தான். ஆனாலும் தலையசைத்தாள். டாக்டர் சாவியைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டர்போக்கா மறுபடியும் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். நோயாளியின் முழங்காலைப் பிடிப்பதுபோல் ஸ்டியரிங்கைத் தம்பியின் மனைவி மெதுவாக, ஆனால் விடாமல் பிடித்தாள். முதல் சுற்றில் அவசரமே காட்டவில்லை. மிதித்தால் எவ்வளவு நேரம் கழித்து இழுப்பு வருகிறது என்று காலால் கேட்டுக்கொண்டு போனாள். இரண்டாவது சுற்றில், தம்பி சுழன்ற அதே திருப்பத்துக்குள் நுழைந்ததுமே பெடலை மெல்ல அழுத்த ஆரம்பித்தாள். கார் நேராகிற நொடியில் டர்போக்களின் பலம் வந்து சேர்ந்தது. கயிற்றில் கட்டி இழுத்ததுபோல் கார் நூல் பிசகாமல் பாய்ந்தது. டர்போக்கா பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் பக்கத்தில் இருக்கிறாள் என்பதே மறந்துபோன முகம் அது.

இறங்கியதும் தம்பிதான் முதலில் பேசினான்.

"அக்கா, நம்ம வண்டிக்கு இப்ப இருக்கற சைஸே போதும். சின்னதையே போட்டுரு."

"அண்ணி, பெருசையே போட்டுருங்க" என்றாள் அவன் மனைவி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே.

டர்போக்கா அங்கே அடுக்கியிருந்த பழைய டயர்களின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கோபம்கூட வரவில்லை. உடம்பெல்லாம் ஒரு அலுப்பு.

"ரெண்டு பேரும் என்னைப் பைத்தியமாக்கணும்னே கிளம்பியிருக்கீங்களா? நேத்துவரைக்கும் நீ பெருசு கேட்ட, இவ சின்னது கேட்டா. இப்ப என்ன, சீட்டு மாத்தி உக்காந்துட்டீங்களா?"

தம்பி தரையைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் பெருசு வேணும்னு இல்லக்கா. முதல் தடவ இங்க ஓட்டிட்டு வந்தப்ப, 'அவ்வளவுதானா இது'ன்னு ஒரு வார்த்த சொன்னா. ஆசையா வாங்கின வண்டி அவளுக்குச் சப்புன்னு போயிருச்சேன்னு இருந்துச்சு. அதான்."

அவன் மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சின்னது கேட்டது எனக்கில்ல அண்ணி" என்றாள். "இவர் திருப்பத்துல கால எடுக்கவே மாட்டாரு. பக்கத்துல உக்காந்தா பயத்துல சீட்டப் பிச்சிருவேன். பெருசா போட்டா என்ன ஆகும்னு நினைச்சுப் பார்த்தேன். இன்னைக்குக் கண்ணாலயே பார்த்தாச்சு."

"இத ஒருத்தருக்கொருத்தர் சொல்லித் தொலையறதுக்கு என்ன?" டர்போக்காவின் குரல் உயர்ந்தது. "நான் என்ன உங்க வீட்டுத் தபால்காரியா? அம்மாவக் கூப்பிட்டுப் பேச வெச்சீங்க. அந்த டர்போ கடைக்காரர் என் குரலக் கேட்டாலே பெருமூச்சு விடறாரு. பத்து வருஷமா ஒரே மேஜைல சாப்பிடற ரெண்டு பேரு, என் பட்டறை வழியாத்தான் பேசிக்குவீங்களா?"

டாக்டர் தன் காரின் சக்கரத்தில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார்.

"உங்க வண்டில ரெண்டு பேரும் ஏறுங்க. கதவச் சாத்திக்குங்க. பேசி முடிச்சிட்டு வாங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன், எதுவும் சொல்ல மாட்டேன்."

ஏறினார்கள். கண்ணாடிக்குள் கைகள் அசைவது தெரிந்தது. கொஞ்ச நேரம் இவன் பேசினான், கொஞ்ச நேரம் அவள். ஒரு கட்டத்தில் இருவரும் சேர்ந்தே பேசினார்கள். அப்புறம் அவள் எதையோ சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். வெளியே டர்போக்காவும் டாக்டரும் டயர் அடுக்கில் உட்கார்ந்து, டாக்டர் கொண்டுவந்திருந்த பிளாஸ்கிலிருந்து டீ குடித்தார்கள். டாக்டர் தன் காரைக் குறித்து ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதுவே அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

இருவரும் இறங்கி வந்தபோது பேசியது தம்பியின் மனைவி.

"இப்போதைக்கு டர்போவத் தொட வேணாம் அண்ணி. நீங்க சொன்ன கிளட்ச், இன்டர்கூலர், பெட்ரோல் பம்ப், பிரேக் எல்லாத்தையும் முதல்ல செஞ்சிருங்க. அதுவரைக்கும், அதுக்கப்புறமும், நான் இவருக்கு இங்க ஓட்டக் கத்துக் குடுக்கறேன். இவர் திருப்பத்துல கால எடுக்கக் கத்துக்கிட்டதும் எந்த சைஸ்னு ரெண்டு பேரும் சேர்ந்து வந்து சொல்றோம்."

டர்போக்கா தம்பியைப் பார்த்தாள். கட்டின மனைவியிடம் ஓட்டப் பழகுவதா என்று முறைப்பான் என்று நினைத்தாள். அவன் முறைக்கவில்லை. "அவ நல்லா ஓட்டறாக்கா. இவ்வளவு நாளா பக்கத்துல உக்காந்து போனப் பார்த்துட்டே இருந்துட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

வேலை நடந்தது. கிளட்சைப் பிரித்தபோது அது ஏற்கனவே பாதி தேய்ந்திருந்தது. பழைய பெட்ரோல் பம்ப் சூடானதும் மூச்சு வாங்கியது. பெரிய டர்போவை மட்டும் மாட்டியிருந்தால் முதல் வாரத்திலேயே எஞ்சின் படுத்திருக்கும். டர்போக்கா அதையெல்லாம் படம் பிடித்து இருவருக்கும் அனுப்பினாள், கீழே ஒரு வரியும் எழுதாமல்.

மழைக்காலம் முடிந்து ஓடுபாதை மறுபடி காய்ந்தபோது இருவரும் பட்டறைக்கு வந்தார்கள். தம்பி கொஞ்சம் இளைத்திருந்தான். விடுமுறை தவறாமல் மனைவியிடம் திட்டு வாங்கியதில் இளைத்ததாகச் சொன்னான். திருப்பங்களில் இப்போது அவன் கால் தானாகவே எழும்புகிறதாம். நடுவாந்தர அளவு டர்போ போதும் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். டர்போக்கா கடைக்காரருக்குப் போன் செய்து அளவைச் சொன்னாள். நிச்சயம்தானா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மாட்டி முடித்து, காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சோதிக்கும் உருளைகளின் மேல் ஏற்றி ஓடவிட்டு, பெட்ரோலையும் காற்றையும் நாள் முழுக்கச் சரிபார்த்தாள். மிதித்ததும் மந்தமில்லாமல் எழுந்து, கடைசிவரை சீராக இழுத்தது. இந்தக் கார் விஷயத்தில் அவளுக்கு முதல் தடவையாக மனசு குளிர்ந்தது.

சாவியைக் கொடுக்கும்போது தம்பி எஞ்சினை எட்டிப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள்.

"அக்கா, இந்த சைலன்சர் சத்தம் மட்டும்..." என்று அவன் ஆரம்பித்தான்.

"கொஞ்சம் குறைக்கணும்" என்றாள் அவள்.

"கூட்டணும்னு சொல்ல வந்தேன்" என்றான் அவன்.

டர்போக்கா சாவியை அவன் சட்டைப் பையில் போட்டாள். இருவரையும் தோளைப் பிடித்துத் திருப்பிக் காருக்குள் தள்ளிவிட்டாள். கார் தெருவுக்குப் போனதும் ஷட்டரை இழுத்துப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டாள்.