வல்லூறு பிடித்த கப்பல்

"புடிச்சிக் குடுக்குறானுங்களே அந்த வேட்டைக்காரனுங்க, அவனுங்களுக்கெல்லாம் ராத்திரில தூக்கம் வருமா?"

கம்பெனி பஸ்ஸில் குப்புராஜ் ஒருநாள் சோனியாவிடம் இப்படிக் கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, "தெரியலண்ணா" என்றாள்.

தெரியாமல் என்ன? விண்வெளியில் கப்பலோட்டும் அந்த மொபைல் விளையாட்டில் வல்லூறு என்ற பெயரைக் கேட்டு நடுங்காத கடத்தல்காரன் கிடையாது. கறுப்புக் கவசம், கண்ணுக்குக் கீழே வெட்டுத் தழும்பு. தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, கப்பலோடு இழுத்துப்போய்த் தராசுக் கோட்டையில் ஒப்படைப்பதுதான் வல்லூறின் பிழைப்பு. கூட்டாளி கிடையாது, ஊர் கிடையாது. பனி நிலாவில் பதுங்கிய மந்திரவாதியை அது அமுக்கிய விதத்தை ஆடுகிறவர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அந்த வல்லூறு, பதினொன்றாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு சிப்காட்டில் பாட்டில் மூடிகளைப் பெட்டியில் அடுக்கும் சோனியா என்பது யாருக்கும் தெரியாது. கேண்டீனில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கவே அவளுக்கு வாய் வராது.

குப்புராஜ் அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பொன்னேரியிலிருந்து ஒரே பஸ். அவள் போனில் அந்த விளையாட்டின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "நீயும் ஆடுவியாம்மா?" என்று கேட்டான். "சும்மா வேடிக்கை பாப்பேண்ணா" என்று சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. தன் கப்பலின் பெயர் மின்மினி, தடையை உடைத்து ஒரு பட்டினி நிலாவுக்குத் தானியம் கொண்டுபோனதால் கோட்டைக்காரர்கள் அதைத் தேடுகிறார்கள், எல்லாம் சொன்னான். ஷிப்டுக்கு உள்ளே போகும்போது செக்யூரிட்டியிடம் போனைக் கொடுத்துவிட வேண்டும் அல்லவா? அந்நேரத்தில் கப்பலை உடைந்த வளையத்துக்குப் பின்னால், பெரிய பாறையின் நிழலில் நிறுத்திவைப்பதையும் சொன்னான்.

"என் தம்பி சின்னதுரை துபாய்ல கீறான்மா. நைனா போனப்புறம் நான் மனைய வித்துட்டேன்னு பேச்சே இல்ல. போன் பண்ணா எடுக்க மாட்டான். ஆனா மின்மினிக்கு மட்டும் வந்துடுவான். நான் ஓட்டுவேன், அவன் பீரங்கில குந்திக்குவான். ஒரு வார்த்த பேச மாட்டோம். அவன் வந்துட்டான்னு பச்ச வெளக்கு எரியும் பாரு, அது போதும் எனக்கு."

சோனியா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வீட்டில்கூட யாரும் அவளிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

அடுத்த மாதம் மின்மினியின் தலைக்கு விலை ஏறியது. கோட்டையின் பலகையில் அதுதான் முதல் பெயர். வேட்டைக்காரர்கள் வளையத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கண்டவன் கையில் சிக்குவதற்கு முன்னால் நாமே பிடித்து வைத்துக்கொள்வோம், அண்ணனிடம் பத்திரமாகக் கொடுத்துவிடுவோம் என்று சோனியா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை. பலகையில் இருக்கும் முதல் பெயரைத் தூக்காமல் வல்லூறால் இருக்க முடியாது என்பது மீதி.

அந்த வாரம் குப்புராஜுக்கு நைட் ஷிப்ட், அவளுக்குக் காலை ஷிப்ட். விடிகிற நேரத்தில் அவன் போன் செக்யூரிட்டியின் தட்டில் கிடந்தபோது, வல்லூறு பாறை நிழலுக்குள் நுழைந்து மின்மினிக்குக் கொக்கி போட்டது. எதிர்ப்பே இல்லை. தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோல் இருந்தது.

பிடித்த கப்பலை வேட்டைக்காரன் எப்போது வேண்டுமானாலும் அவிழ்த்துவிடலாம். ஆனால் அந்த வேட்டைக்காரனின் போன் அணைந்தால் கோட்டைக் காவலர்கள் வந்து பிடித்த கப்பலை எடுத்துக்கொள்வார்கள். சோனியாவுக்கு இந்த விதி தலைகீழ்ப் பாடம். பஸ்ஸில் வழியெல்லாம் அவள் விரல் அந்தப் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. யார் பிடித்தது, யார் விட்டது என்று தெரியாமலே போய்விடுமே. கேட்டில் அவன் வெளியே வருவான், இவள் உள்ளே போவாள். "அண்ணா, வல்லூறு நான்தான், இந்தாங்க உங்க கப்பல்" என்று நேரில் காட்ட வேண்டும். அவன் வாயைப் பிளந்து நிற்க வேண்டும். பிறந்ததிலிருந்து அவளைப் பார்த்து யாரும் வாயைப் பிளந்ததில்லை.

கேட்டில் நைட் ஷிப்ட் கும்பலாக வெளியே வந்தது. குப்புராஜ் மட்டும் இல்லை.

"குப்புராஜா? அவனுக்கு மாத்து ஆள் வரல, உள்ளயே நிறுத்திக்கினாங்க. உனுக்கு இன்னா அவன்கிட்ட?" என்றாள் செக்யூரிட்டி கங்கம்மா.

"ஒன்னுமில்லக்கா…"

"ஒன்னுமில்லன்னா போன வைம்மா. பின்னாடி எவ்ளோ பேரு நிக்கிறாங்க பாரு. காலங்காத்தால பேஜாரு பண்ணாத."

'அக்கா, ஒரு நிமிஷம்' என்று சொல்ல வேண்டியதுதான். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் கங்கம்மா போனைக் கையிலிருந்து வாங்கி, தானே அணைத்து, தட்டில் போட்டுவிட்டாள். பக்கத்திலேயே விரிசல் விட்ட கண்ணாடியோடு குப்புராஜின் போன் கிடந்தது.

அன்று முழுக்க அவள் அடுக்கிய பெட்டிகளில் மூடிகள் சரிந்து சரிந்து விழுந்தன. "கனா கண்டுகினு கீறியா?" என்று பக்கத்தில் அடுக்கும் கல்பனா இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.

ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியபோது குப்புராஜ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்த கண் சிவந்திருந்தது. பக்கத்தில் இடம் விட்டான்.

"மின்மினி போச்சும்மா. எவனோ வல்லூறாம். கோட்டையில ஒடச்சிட்டானுங்க." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கப்பல் போனா போவுது. இதப் பாரு."

போனை நீட்டினான். சின்னதுரை அனுப்பியிருந்தான். இத்தனை நாளில் அவன் எழுதிய முதல் வார்த்தை.

'கப்பலையும் வித்துட்டியா?'

"இல்லடான்னு போட்டேன். பாக்கக்கூட இல்ல, பிளாக் பண்ணிட்டான்."

சோனியாவுக்குக் காலையில் வராத வாய் இப்போது வந்தது. தன் போனைத் திறந்து அவன் மடியில் வைத்தாள். கறுப்புக் கவசமும் வெட்டுத் தழும்புமாக வல்லூறு நின்றது. அதன் தலைக்கு மேல், முதல் பெயரைத் தூக்கியதற்காகப் புதிதாக ஒரு தங்கக் கிரீடம்.

"உங்ககிட்டயே குடுத்துடலாம்னுதாண்ணா புடிச்சேன். கேட்ல நின்னு பாத்தேன், நீங்க வரல…"

குப்புராஜ் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

கவரைப்பேட்டையில் பஸ் நின்றது. அது அவன் இறங்கும் இடமில்லை. போனை அவள் கையில் பதமாகத் திருப்பி வைத்துவிட்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு, குப்புராஜ் இறங்கிப் போனான்.