பட்டில் அச்சடித்த மார்க்

டமாரென்று சத்தம். அம்மாபேட்டை சந்துக்குள் திரும்பிய குமரகுருவின் பைக், பாலசுந்தரம் வீட்டு வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட்டு நின்றது.

"குடம் நசுங்கலைங்க, பார்த்துட்டேன்" என்றபடி ஆல்பத்தோடு உள்ளே வந்தார் குமரகுரு. பழைய பண நோட்டுகளை விற்கும் வியாபாரி.

பாலசுந்தரம் வெண்பட்டு வேட்டி நெய்கிறவர். நூறு வருடத்துக்கு முன் ஜெர்மனியில் பணம் மதிப்பிழந்து கிடந்தபோது அச்சடித்த நோட்டுகள் என்றால் அவருக்கு உயிர். அந்த ஊர்ப் பணமான மார்க்கில் லட்சம் மார்க், கோடி மார்க் எல்லாம் சேர்த்தாயிற்று. பீலஃபெல்ட் என்ற ஊரில் காகிதத்துக்குப் பதில் பட்டில் அடித்த நோட்டு மட்டும் ஆறு வருடமாகச் சிக்கவில்லை.

குமரகுரு ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "இது மடிப்பே இல்லைங்க, ஐந்நூறு. இதுக்கு ஓரம் கிழிஞ்சிருக்கு, பாதி விலைதான்." கடைசியாக ஒரு துணித் துண்டை எடுத்துப் போட்டார். "யாரோ கர்ச்சீப்ல அடிச்ச நகல். நூறு குடுத்துட்டு வெச்சுக்குங்க."

பாலசுந்தரம் தொட்டுப் பார்த்தார். கட்டைவிரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. அசல் பட்டு. வாயைத் திறந்தால் விலை எகிறும். கையில் இருப்பதோ ஏழாயிரம். நோட்டையும் குமரகுருவையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றி வியர்த்தது.

காபி கொண்டுவந்த மனைவி கோகிலவாணி அவர் முகத்தைப் பார்த்தாள். டம்ளரை வைத்தாள். துணியை வாங்கி, ஓரத்தில் நகத்தால் ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினாள். அசல் பட்டுக்கே உரிய, முடி கருகிய நாற்றம் வந்தது.

"பட்டுங்க இது" என்றாள்.

குமரகுரு போனில் விலையைத் தேடினார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ஏனுங்க அக்கா, பன்னெண்டாயிரம் போற நோட்டுங்க. இப்படி நூலை உருவிட்டீங்களே. இனி யாருங்க வாங்குவா? ஆறு குடுங்கண்ணா."

பாலசுந்தரம் பேரமே பேசவில்லை. நூறு ரூபாய்ப் பொருளுக்கு ஆறாயிரம் கிடைத்த குஷியில் குமரகுரு போகும்போது குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

நோட்டைத் தன் ஆல்பத்தில் சொருகி ரசித்துக்கொண்டே பாலசுந்தரம் சொன்னார்: "நூறு ரூபாயோட முடிஞ்சிருக்கும் கோகிலா. கெடுத்துட்டியே."

"அவர் சந்து திரும்பறதுக்குள்ள நீங்களே ஓடிப்போய் உண்மையைச் சொல்லி, கடன் வாங்கியாவது பன்னெண்டையும் குடுத்திருப்பீங்க, அதான் முதல்ல நூலை உருவினேன்."