பக்கிரி தலையில் ஓடிய கோடு

2009, மாசி மாதம். கடலூர் செம்மண்டலத்தில் ஒரு வாடகை மாடியில் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் மெஷினைச் செய்துவிட்டு, வாங்க ஆளில்லாமல் அலைந்துகொண்டிருந்த ஜெயராணிக்கு இது கடைசி வாய்ப்பு. சிதம்பரத்துத் தனியார் ஆஸ்பத்திரியின் நரம்பு டாக்டர் இன்று வேண்டாமென்றால் கம்பெனிக்குப் பூட்டுதான். அவளும் கூட்டாளி டோனியும் யாரிடமாவது சம்பளத்துக்குப் போக வேண்டும்.

கட்டிலில் படுத்திருந்தவன் பக்கிரி. கீரப்பாளையத்து ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன், அடிக்கடி வலிப்பு. தலையில் ஒயர்களை ஒட்டி மெஷினைப் போட்டார்கள். திரையில் கோடுகள் கண்டபடி குதித்தன.

"என்னம்மா, மூளையா இது, புயலடிக்கிற சில்வர் பீச்சா?" என்றார் டாக்டர்.

டோனி மெஷினின் பின்பக்கம் குனிந்து பார்த்தான். "போர்டு போயிடுச்சி போல ஜெயா."

ஜெயராணி பக்கிரியின் தலையைத் தொட்டாள். விரல் வழுக்கியது. "தலைய அலசிட்டு எண்ணெ வைக்காம வரச் சொன்னோமே?"

"அலசிட்டுத்தாம்மா வந்தோம்," என்றாள் அவன் பெண்டாட்டி இருசம்மாள். "அதுக்குன்னு பெரிய டாக்டரு முன்னாடி பரட்டத் தலையோடவா நிறுத்துவாங்க? பஸ் ஏறும்போது ரெண்டு கை எண்ணெ வெச்சி சீவிவுட்டேன்."

டாக்டர் எழுந்தார். "நான் வார்டுக்குப் போகணும்."

"கொஞ்சம் இருங்க சார். எண்ணெயில ஒயர் சரியா ஒட்டல, அதான். டோனி, கேண்டீன்ல பாத்திரம் வெளக்குற சோப்பு வாங்கியா!"

"எம் புருசன் தலை என்ன கருவாட்டுச் சட்டியா?" இருசம்மாள் பாய்ந்தாள்.

"வுடு புள்ள," என்றான் பக்கிரி. "மூட்ட தூக்குன தல, சோப்புக்கா பயப்படும்?"

முதுநகர் துறைமுகத்தில் மீன்கூடை சுமந்தவனின் மகள் ஜெயராணி. புதுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்பக்கக் குழாயடியில் அவனை உட்காரவைத்துக் கரகரவென்று தேய்த்தாள். நர்சுகள் ஜன்னலில் நின்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

துவட்டி, மறுபடி ஒட்டினாள். கோடுகள் அடங்கின.

"கண்ண மூடுண்ணே."

மூடினான். கண்ணை மூடினால் வர வேண்டியபடியே, பின்மண்டைக் கோடுகளில் சின்ன அலைகள் வரிசை கட்டி எழுந்தன. வார்டைப் பார்த்துவிட்டு அந்த வழியே வந்த டாக்டர் வாசலில் நின்றார். சற்று நேரத்தில் இடப்பக்கக் கோட்டில் மட்டும் கூரான முள் ஒன்று துருத்தியது. பிறகு இன்னொன்று. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வலிப்பு எங்கேருந்து கிளம்புதுன்னு இப்பதான் தெரியுது. பக்கிரி, உனக்கு மாத்திரைய மாத்தறேன்." பிறகு திரும்பினார். "மெஷின் இங்கேயே இருக்கட்டும் மேடம். எங்க கடலூர் கிளைக்கும் ஒண்ணு வேணும்."

"ஆர்டரை இப்பவே எழுதிக் குடுத்துடுங்க சார்," என்றாள் ஜெயராணி, முந்தானையைப் பிழிந்துகொண்டே.

டோனிக்குத் தலைகால் புரியவில்லை. "அடுத்த வருஷம் மூளையத் தூண்டிவிடுற மெஷினும் கொண்டாறோம் சார்!" என்று அளந்துவிட்டான். அது இன்னும் காகிதத்தில்கூட ஏறவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் அவனே முழித்தான். "வாய் தவறிச் சொல்லிட்டேன் ஜெயா."

"சொன்னா என்ன?" என்றாள் அவள். "செஞ்சிட்டாப் போச்சி."