பதினொரு சொல் மூச்சு

காய்ச்சல் பத்தே நாளில் போய்விட்டது. போனது ஒழுங்காகப் போனதா என்றால் இல்லை. இருமலையும் மூச்சிரைப்பையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறது. நான்கு மாதம் ஆகிறது. "கிருமி உடம்புல இல்லம்மா, அது செஞ்சுட்டுப் போன வேலைதான் இது. மெதுவாத்தான் சரியாகும்" என்றார் டாக்டர். எவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். சிரித்தார். எனக்குச் சுர்ரென்று வந்தது. பத்து நாற்பது வண்டி எப்போது வரும் என்று கேட்கிறவரிடம் நான் இப்படிச் சிரித்தால் சும்மா விடுவார்களா?

ஆமாம், என் வேலை அதுதான். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு. மாடியில் ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரு மேசை, ஒரு மைக், நான். கீழே எட்டுத் தடங்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது புறப்படும், எது புறப்படாது என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே வாயைத் திறந்தால் நானூறு தலை நிமிரும். அந்தச் சுகத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. சம்பளத்துக்காகத்தான் வருகிறேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

ஆறு வாரம் விடுப்பு எடுத்துவிட்டுத் திரும்பியபோது, இருபத்திரண்டு படி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தேன். மேலே போய்ச் சேர்ந்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மதியம் ஆனால் கண் தானாகச் செருகியது. முதலில் அழுகைதான் வந்தது. அப்புறம் எனக்கே ஒரு வேடிக்கைப் புத்தி தோன்றியது. ஒரே மூச்சில் எத்தனை சொல் வரும் என்று எண்ண ஆரம்பித்தேன். எழுந்ததும் பதினான்கு. படியேறியதும் ஆறு. உட்கார்ந்து அரை மணி ஆனால் பதினொன்று. சாப்பிட்டால் ஏழு, வயிறு நிறைந்தால் நுரையீரலுக்கு இடம் போதவில்லை போல. சிரித்த பிறகு நான்கு. கோபம் வந்தால் மூன்று, அந்த மூன்றும் வெளியே சொல்கிற மாதிரி இருக்காது.

எல்லாச் சொல்லும் ஒரே அளவு மூச்சைக் குடிப்பதில்லை என்பதையும் கண்டுபிடித்தேன். 'எட்டு', 'பத்து' எல்லாம் பரம சாது. நடுவில் ஒரு தடை வைத்துக் காற்றை உள்ளேயே நிறுத்திவிடுகின்றன. 'ஸ்பெஷல் பஸ்' என்று சொல்லிப் பாருங்கள், பஞ்சரான டியூப் மாதிரி உஸ்ஸென்று இறங்கிவிடும். பத்தொன்பது வருடம் பேசிப் பிழைத்தவளுக்கு இது இத்தனை நாள் தெரியவில்லையே என்று எனக்கே ஆச்சரியம்.

நடுவில் மூச்சு எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சட்டென்று இழுத்தால் இருமல் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் ஒரு நிமிடம் விடாது. மூக்கு வழியாக நிதானமாக இழுத்தால் இருமல் வராது, ஆனால் அதற்கு ஆறு விநாடி ஆகும். கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவர். வாயில்லாப் பூச்சி. அவருக்கும் சேர்த்து நான்தான் பேசி வந்தேன். ஒருநாள் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டிருந்தார். "ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு எத்தனை தடவை உங்ககிட்ட" என்று ஆரம்பித்தேன். அதோடு வண்டி நின்றுவிட்டது.  அவர் தானாகவே துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.

"நீ முழுசாத் திட்டி நாலு மாசம் ஆச்சும்மா. வீடு வீடு மாதிரியே இல்ல" என்றார்.

சிரித்தேன், இருமல் வந்துவிட்டது. வெந்நீர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, இருமலால் மட்டும் இல்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்றாம் தடத்து வண்டியின் எஞ்சினைப் பாதி கழற்றி, மெக்கானிக் தரையில் பரப்பி வைத்திருந்தார். நான் மைக்கைத் திறந்தேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாம் தடத்திலிருந்து பத்து நாற்பதுக்குத் துறைமுகம் வழியாகப் பழைய சந்தை செல்லும் பேருந்து இன்று புறப்பட..."

மொத்தம் பதினைந்து சொல். பதினொன்றைத் தாண்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, பதினைந்தாவதில் காலும் வைத்துவிட்டேன். பாக்கி இருந்தது 'ஆது' மட்டும்தான். அதற்குள் இருமல் வந்துவிட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மைக்கை மூடிவிட்டுக் குனிந்து இருமித் தீர்த்தேன். நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால், அடக் கடவுளே, வண்டி நிறைய ஜனம்! ஒருவர் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் சீட்டில் சாய்ந்து கண்ணையே மூடிவிட்டார்.

டிரைவர் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக் கத்தினார். "எஞ்சினே இல்லாத வண்டில அறுபது பேரை ஏத்திவிட்டுட்டீங்களேக்கா!"

எங்கள் நிலைய மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் விறைப்பு. சட்டைக்குப் போடும் கஞ்சியில் கொஞ்சம் குடித்தும் விடுவார் என்று பேச்சு. மேலே வந்து ஒரு பிடி பிடித்தார்.

"சாதாரணக் காய்ச்சல்தானே மேடம்? எங்க மாமியாருக்கும்தான் வந்துது. ஒரே வாரத்துல எழுந்து கடைக்குப் போயிட்டு வந்தாங்க."

அப்படியானால் மைக்கை உங்கள் மாமியாரிடமே கொடுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. மூச்சுதான் வரவில்லை.

"அடுத்த வியாழக்கிழமை தலைமை அலுவலகத்துலேர்ந்து ஆய்வாளர் வர்றார். அவர் முன்னாடி ஒழுங்காச் சொல்லுங்க. இல்லேன்னா உங்களைத் தவறவிட்ட பொருட்கள் அறைக்கு மாத்தறேன். ஆர்டர் டைப் பண்ணி வெச்சாச்சு, அவர் கையெழுத்துதான் பாக்கி."

 அந்த அறை படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாரோ மறந்துவிட்டுப்போன ஒரு பல்செட். அதுகளிடம் நான் என்ன அறிவிப்பது?

"'புறப்படாது'ங்கறதை முதல்லயே சொல்லிடறேன் சார்" என்றேன்.

"தலைமை அலுவலகம் அனுப்பின வாசகம் மேடம். ஒரு சொல் முன்ன பின்ன போகக்கூடாது."

"அந்தக் கனிவான கவனத்தையாவது விட்டுடட்டுமா? மூணு சொல் மிச்சம்."

"கனிவு இல்லாம எப்படி?" என்று கொஞ்சம்கூடக் கனிவே இல்லாமல் கேட்டார்.

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. சொல்லே முடியாதபோது இந்த அறுபது பேரும் எதைக் கேட்டு ஓடினார்கள்? மறுநாள் இடைவேளையில், எனக்குப் பதிலாக டிக்கெட் கவுண்டர்காரர் அறிவிப்புச் சொன்னபோது, கீழே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடத்தில் என் வேலையை நான் கீழேயிருந்து பார்த்ததே இல்லை. ஊர்ப் பெயர் வந்ததும் கைகள் பையைப் பிடிக்கின்றன. 'பேருந்து' என்றதும் எழுந்துவிடுகிறார்கள். 'இன்று' என்றதும் ஒரு கால் முன்னால் போய்விடுகிறது. கடைசிச் சொல்லை ஓடிக்கொண்டேதான் கேட்கிறார்கள், கேட்டால். நம் மொழியின் குறும்பும் அப்படி. போகுமா போகாதா என்பதை மட்டும் கடைசி வரை வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கும். இத்தனை வருடமாக என் கடைசிச் சொல்லை ஒருவரும் உட்கார்ந்து கேட்டதில்லை என்று தெரிந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று மதியமே ஒரு முடிவுக்கு வந்தேன். வாசகத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொடமாட்டேன். 'இன்று' வரை வருவேன். அங்கே நின்று ஆறு விநாடி நிதானமாக மூச்சு இழுப்பேன். பிறகுதான் கடைசிச் சொல். புறப்படும் வண்டிக்கும் அதே ஆறு விநாடி, புறப்படாத வண்டிக்கும் அதே ஆறு விநாடி. இல்லாவிட்டால் இடைவெளியை வைத்தே ஊகித்துவிடுவார்கள், கெட்டிக்காரர்கள். பதினான்கு சொல் ஒரே மூச்சில் வராது என்பதால், முதலில் வரும் 'கவனத்திற்கு' முடிந்ததும் மூக்கு வழியாக ஒரு சின்ன மூச்சு; மூன்று சொல்தான் செலவாகியிருக்கும், அதற்கு ஆறு விநாடி வேண்டாம். அங்கே முற்றுப்புள்ளி இருக்கிறது, ஏன் நின்றாய் என்று யாரும் கேட்க முடியாது. மைக்கையும் மூடமாட்டேன். மூடினால் 'டக்' என்று சத்தம் வரும், முடிந்துவிட்டது என்று கிளம்பிவிடுவார்கள்.

ஆக, என் மூச்சு நான்கு ஒலிபெருக்கியிலும் ஊருக்கே கேட்டது. முதல் நாள் வெட்கம் பிடுங்கித் தின்றது. கீழே கலவரம் வேறு. இடைவெளியில் பாதிப் பேர் ஓடினார்கள், 'புறப்படாது' கேட்டுப் பாதி வழியில் திரும்பினார்கள், அண்ணாந்து பார்த்து என்னை என்னவோ சொன்னார்கள். கீழே இருந்த இரைச்சலில் காதில் விழவில்லை. இரண்டாம் நாளும் அதே கூத்து. மூன்றாம் நாள் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. விறைப்பு ஒருமுறை எட்டிப் பார்த்து, "ஏன் நடுவுல நிக்குது?" என்றார். "வாசகத்துல ஒரு சொல்லும் மாறலையே சார்" என்றேன். வாசகத் தாளை எடுத்து ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் வீட்டுக்காரரை எதிரே உட்காரவைத்துப் பயிற்சி செய்தேன். ஆறு விநாடிக்கு அவர் விரல் மடக்கிக்கொண்டே வருவார். அந்த வாரம் அவருக்கு எட்டுத் தடத்தின் நேரமும் மனப்பாடம் ஆகிவிட்டது. "நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தா நீங்கதான் மைக்குல உக்காரணும்" என்றேன். "ஐயோ, ஆளை விடு" என்று எழுந்து ஓடினார்.

வியாழக்கிழமை. ஆய்வாளர் ஒன்பது மணிக்கே வந்து, மூன்றாம் தடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், பழுப்புப் பை. அவர் வந்ததிலிருந்து நான் சொன்னதெல்லாம் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்கிற நாலைந்து சொல் அறிவிப்புகள், சிரமமில்லாமல் ஓடிவிட்டன. பத்து நாற்பது வண்டியிலேயே அவர் திரும்பிப் போகிறார் என்று விறைப்பு சொன்னார். அப்பாடா என்று நினைத்தேன். பத்து முப்பத்தைந்துக்கு டிரைவர் போன் செய்தார். "அக்கா, கியர் விழ மாட்டேங்குது. வண்டி எடுக்க முடியாது."

கிழிந்தது போ!

விறைப்பு என் பக்கத்திலேயே நின்றார். "நகருங்க, நான் சொல்றேன்." கை மைக்குக்கு வந்தது.

"இது என் வேலை சார்."

நான்கு சொல்தான். ஆனால் அவர் கையை எடுத்துவிட்டார்.

மைக்கைத் திறந்தேன். பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சின்ன மூச்சு. மூன்றாம் தடத்திலிருந்து பத்து நாற்பதுக்குத் துறைமுகம் வழியாகப் பழைய சந்தை செல்லும் பேருந்து இன்று.

நின்றேன். மூக்கு வழியாக மெல்ல இழுத்தேன். ஒன்று. கண்ணாடி வழியாக ஆய்வாளரைப் பார்த்தேன். எழுந்திருந்தார். பையும் கையில், ஒரு காலும் முன்னால். இரண்டு. அவருக்கென்ன தெரியும், பாவம், அவர் புதிது. தடத்தின் ஓரத்தில் நின்ற எங்கள் வாட்ச்மேன் அவர் முழங்கையைப் பிடித்து என்னவோ சொன்னார். ஆய்வாளர் நின்றார். மூன்று. அப்போதுதான் மற்றவர்களைப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. பையைத் தோளில் மாட்டியவர் மாட்டியபடி, குழந்தையைத் தூக்கியவள் தூக்கியபடி, அத்தனை முகமும் என் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தன. என் மூச்சு உள்ளே போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு. எனக்கு அழுகை முட்டியது. அழுவதற்கும் மூச்சு வேண்டும் என்பதால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஐந்து. ஆறு.

"புறப்படாது."

கீழே ஒரு பெரிய சலிப்புச் சத்தம். பைகள் திரும்பத் தரைக்கு வந்தன. வண்டியின் படியில் ஒருவர்கூடக் கால் வைக்கவில்லை.

ஆய்வாளர் மாடியேறி வந்தார். இருபத்திரண்டு படி அவரையும் விடவில்லை, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நாற்காலியைக் காட்டினேன், உட்கார்ந்தார்.

"சார், நடுவுல அவங்க நிறுத்தினாங்களே, அது வாசகத்துல கிடையாது" என்று விறைப்பு ஆரம்பித்தார். ஆர்டரையும் பேனாவையும் தயாராக நீட்டினார்.

"வாசகத்துல ஒரு சொல்லும் மாறலையே" என்றார் ஆய்வாளர். தாளை வாங்கிப் படித்து, நான்காக மடித்து, விறைப்பின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இது வேண்டாம். அவங்க இங்கயே இருக்கட்டும்."

எனக்கு இருமல் வந்தது. ஒரு நிமிடம் விடவில்லை. இருவரும் காத்திருந்தார்கள். மனது கேட்கவில்லை, அடங்கியதும் கேட்டேன்.

"கீழ வாட்ச்மேன் உங்ககிட்ட என்ன சார் சொன்னார்?"

ஆய்வாளர் கொஞ்சம் அசடு வழிந்தார்.

"கையைப் பிடிச்சு நிறுத்தினார்மா. 'இருங்க சார், அக்கா இன்னும் முடிக்கல'ன்னார்."