பாலையடிக் குன்றிலிருந்து

செந்தூரனுக்கு முருகனிடம் ஒரு முறைப்பாடு இருந்தது. தர்மபுரத்துக்கு அப்பால், காட்டோரமாக அவன் விதைத்திருந்த நெல் கதிர் தள்ளுகிற நேரத்தில் யானைகள் இறங்கி வயலில் பாதியைத் துவைத்துவிட்டுப் போயிருந்தன.

"இந்தச் சனியன்களை எங்கையாவது கலைச்சுவிடச் சொல்லிக் கேக்கப்போறன்," என்றபடி பாலையடிக் குன்றின் அடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான்.

"கோயிலடியில நிண்டுகொண்டு என்ன கதை இது?" என்றாள் மனைவி சிவலட்சுமி.

காட்டுக்கு நடுவே ஒற்றையாய்க் கிளம்பி நிற்கிற கரும்பாறைதான் அந்தக் குன்று. உச்சியில் ஒரு வேல், மேலே தகரக்கூரை, பக்கத்தில் மணி. வெள்ளிக்கிழமை தவிர ஆளரவம் இராது. வெயில் சாய்ந்திருந்தும் பாறை காலைச் சுட்டது. மூச்சு வாங்க ஏறி, வேலுக்கு முன்னால் பூவை வைத்துவிட்டுத் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவன் வன்னியிலேயே பிறந்தவன். அந்தத் தட்டை நிலத்தில் அதுவரை அவன் ஏறிய ஆக உயரமான இடம் இரணைமடுக் குளக்கட்டுத்தான். இப்போது காலடியில் நிலம் விரிந்து கிடந்தது. கண் போகிற மட்டும் காடு. காட்டுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாய்க் குளங்கள். வெகுதூரத்தில் பச்சைத் துண்டுகளாக வயல்கள். காற்றைத் தவிர வேறு சத்தமே இல்லை.

"எங்கட வயல் எதப்பா?" என்றாள் பின்னால் ஏறிவந்த சிவலட்சுமி.

அவன் தேடினான். எல்லாத் துண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. "தெரியேல்லை," என்றான், தனக்கே நம்பமுடியாமல்.

தேங்காய் உடைக்கக் கையை ஓங்கியபோது சிவலட்சுமி அவன் முழங்கையைப் பிடித்தாள். "பொறுங்கோ. அங்க பாருங்கோ."

கீழே மரங்கள் அசைந்தன. ஒரு பெண்யானை வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, பிறகு ஒரு கூட்டமே. இருட்டில் கொப்பு முறிகிற சத்தமாகவும் டோர்ச் வெளிச்சத்தில் ஓடுகிற கறுப்பாகவும்தான் அவன் யானைகளை அறிந்திருந்தான். பகலில், முழுசாக, அவற்றின் பாட்டில் நடப்பதைக் கண்டதேயில்லை.

அவை சிறுகுளத்தில் இறங்கின. கரைச்சேற்றில் ஒரு குட்டி வழுக்கி விழுந்தது. எழும்பப் பார்த்து மறுபடியும் சறுக்கியது. தாய் முன்னால் நின்று தும்பிக்கையால் இழுக்க, இன்னொன்று பின்னால் வந்து தலையால் தள்ளியது.

"தள்ளு, தள்ளு," என்று செந்தூரனின் வாய் முணுமுணுத்தது.

குட்டி மேலேறி உடம்பை உதறியதும்தான் அவனுக்கு மூச்சு வந்தது. அந்தத் தாய் தும்பிக்கையை உயர்த்திக் குன்றின் பக்கம் மோப்பம் பிடித்தது. இருவருக்கும் மயிர் கூச்செறிந்தது. பயமா, வேறேதுமா என்று அவனுக்கே விளங்கவில்லை. கடைசி யானையும் மரங்களுக்குள் மறையும்வரை தேங்காய் அவன் கையிலேயே இருந்தது. பிறகு மெதுவாக உடைத்தான்.

"என்ன கேட்டனீங்கள்?"

"ஒண்டும் கேக்கேல்லை. வாயே வரேல்லை."

"நாளைக்கும் இதுகள் வயலுக்கு வருங்கள்."

"ஓம், வருங்கள்," என்றான் அவன். "நானும் கலைக்கத்தான் வேணும். அது வேற."

இறங்கி வந்தபோது பாதையோரச் சேற்றில் யானையின் புதுக் காலடி ஒன்று பதிந்திருந்தது. சிவலட்சுமி குனிந்து பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிக்கொண்டு தன் இரண்டு பாதங்களையும் அதற்குள் வைத்தாள். சுற்றிவர இன்னும் இடம் இருந்தது.

"இஞ்ச பாருங்கோவன்!" என்று சின்னப்பிள்ளைபோலச் சிரித்தாள்.