சேவல்கள் திரும்பி வந்த வெள்ளிக்கிழமை

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே, பூக்கடைகள் முடிகிற இடத்தில், கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியின் வேனுக்காகப் பெண்கள் காத்து நின்றார்கள். எல்லோரும் கைப்பேசிக்குள் தலையை விட்டிருக்க, இளவேனில் மட்டும் குந்தி உட்கார்ந்து ஒரு தெருநாயின் காதிலிருந்து உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். நாயும் இதற்காகவே தவம் கிடந்த மாதிரி காதைக் காட்டிக்கொண்டு நின்றது. கை கழுவாமல் வண்டியில் ஏறினால் கீழே தள்ளிவிடுவோம் என்று மற்றவர்கள் மிரட்டினார்கள்.

அவளுக்கு இந்த வேலை கிடைத்தபோது தெருவே மெச்சியது. ஸ்ரீரங்கத்தில் அவர்கள் இருந்த சந்தில் அணில் குஞ்சு கூட்டிலிருந்து விழுந்தாலும் சரி, மாடு கன்று போட முடியாமல் தவித்தாலும் சரி, முதலில் கூப்பிடுவது இளவேனிலைத்தான். அப்படிப்பட்டவளுக்குக் கோழிக்குஞ்சுகளோடு வேலை. கரும்பு தின்னக் கூலியா என்று அவள் அம்மா ராசாத்தி பூரித்துப்போனாள். ராசாத்தி ஹேச்சரிக்குள் போய்ப் பார்த்ததில்லை.

துறையூர் சாலையில் இருந்த அந்த ஹேச்சரி, முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரித்துக் கொடுப்பது. அந்த இனத்துச் சேவலால் யாருக்கும் லாபமில்லை. முட்டையிடாது, கறிக்குச் சதையும் பிடிக்காது. ஆகவே பொரித்த அன்றே பிரித்துவிட வேண்டும். இளவேனில் ஒவ்வொரு குஞ்சாக எடுத்துச் சிறகை விரலால் விரிப்பாள். இறகு நீளமும் குட்டையுமாக மாறி மாறி இருந்தால் பெட்டை, அது தட்டுக்குப் போகும். ஒரே சீராக இருந்தால் சேவல், பக்கத்தில் இருக்கும் நீல டிரம்முக்குள் போகும். டிரம் நிறைந்ததும் மூடியைப் போட்டு அழுத்துவார்கள். உள்ளே கொஞ்ச நேரம் கீச்சுச் சத்தம் கேட்கும், பிறகு கேட்காது.

முதல் வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் ஒரு காரியம் செய்தாள். தட்டுக்கு ஒரு சேவலைப் பெட்டைகளோடு நுழைத்து அனுப்பினாள். கொண்டை முளைத்துக் கண்டுபிடிப்பதற்குள் வளர்ந்துவிடும், வளர்த்ததை விரட்ட யாருக்கு மனசு வரும் என்று நினைத்தாள். பதினெட்டு வயதின் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

பரீட்சை முடிந்து, வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று சேர்ந்த வேலை அது. நடுவில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு என்பதால் கட்டணத்தை அரசே கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். படிப்பு இலவசம்தான். படித்து முடிக்கும் வரை வீட்டில் அடுப்பு எரியத்தான் எந்த ஒதுக்கீடும் இல்லை. அப்பா பாலு கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து இடுப்பு உடைந்தவர். ஒப்பந்தக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஒரு பை சாத்துக்குடியோடு வந்ததோடு சரி, அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. ராசாத்தி ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவிக் கொண்டுவருவதில் பாதி மருந்துக்கே போனது. இருந்தும், கஞ்சி குடித்தாவது சமாளிப்போம், நீ போ என்று பாலு சொல்லியிருந்தார்.

அந்தத் தைரியத்தில்தான் செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் இன்னாசிராஜிடம் போய், வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொன்னாள். இன்னாசிராஜ் கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முசிறி பண்ணைலேருந்து போன் வந்துச்சு. நம்ம அனுப்புனதுல சேவலு நிக்குதாம். கண்ணு தப்பினா எண்ணிக்கை முன்னப்பின்ன இருக்கும் பாப்பா. உன் டேபிள்லேருந்து எத்தனை தட்டு போச்சோ, அத்தனை சேவலு."

இளவேனில் தலை நிமிரவில்லை.

முதலாளியிடம் இதைச் சொல்லவில்லை, புதுப் பிள்ளை தவறிவிட்டது என்று சமாளித்துவிட்டேன் என்றார் அவர். அவளைப் போல வேகமான கை அங்கே வேறு யாருக்கும் கிடையாது, விட முதலாளிக்கு மனசில்லை. வாசல் கேட்டுக்குக் காவலாக ஓர் ஆள் வேண்டும், உட்கார்ந்து பார்க்கிற வேலை, அவள் அப்பாவையே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாராம்.

"நீ இருந்தாத்தான் அவரும். யோசிச்சுக்க."

வீட்டில் இதைச் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் தீர்மானித்துக்கொண்டே வந்தாள். ஆனால் இன்னாசிராஜ் முந்திக்கொண்டு போன் செய்திருந்தார். அவள் உள்ளே நுழைந்தபோது பாலு ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். விழுந்ததிலிருந்து அவர் தாடியை எடுத்ததில்லை. ராசாத்தி அவருடைய ஒரே நல்ல பேண்ட்டை இஸ்திரி போட்டுக் கொடியில் தொங்கவிட்டிருந்தாள்.

"நீ காலேஜுக்குப் போ பாப்பா. நான் அரிக்குதேன்னு ஷேவ் பண்ணேன்," என்றார் பாலு, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பா மறுபடி தாடியோடு படுத்துக்கொள்ளக் கூடாதா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. இப்படித் தோன்றுகிறதே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. அம்மாவாவது ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தாள். ராசாத்தி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"காலேஜு எங்கப்பா ஓடிடப் போவுது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றாள் இளவேனில்.

இந்த இடம் அடுத்த வருஷம் வராது என்று மூன்று பேருக்கும் தெரியும். பாலு மெதுவாகச் சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பாலு தொளதொளவென்ற நீலச் சட்டையில் ஹேச்சரி கேட்டில் உட்கார்ந்திருந்தார். முதலாளி கார் வந்தபோது சுவரைப் பிடித்து எழுந்து சல்யூட் அடித்தார். மதியத்துக்கு மேல் முசிறியிலிருந்து ஒரு மினி லாரி வந்தது. இடுப்பை இழுத்துக்கொண்டு போய் அதற்கும் கேட்டைத் திறந்துவிட்டார்.

லாரியில் கூடை கூடையாகச் சேவல்கள். பண்ணைக்காரர் அத்தனையையும் பொறுக்கித் திருப்பி அனுப்பிவிட்டார். சிவப்பாகக் கொண்டை துளிர்த்திருந்தது, கால்கள் நீண்டிருந்தன. கறிக்கடைக்காரர் ஒருவர் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார். ஐந்து ஐந்தாகக் காலைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். இன்னாசிராஜ் வேறு யாரையும் கூப்பிடவில்லை, இளவேனிலைத்தான் கூப்பிட்டார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். சேவல்கள் மிரளவில்லை. ஒன்று அவள் மடியில் ஏறி நின்று சுடிதார் பொத்தானைக் கொத்திப் பார்த்தது. அதன் காலைத்தான் முதலில் பிடித்தாள். கூட இன்னும் நான்கைச் சேர்த்து, கயிறு தோலில் பதியாதபடி நெகிழ்வாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

இன்னாசிராஜ் குனிந்து பார்த்தார்.

"இப்படிக் கட்டினா வழியிலயே அவுந்துடும் பாப்பா. இறுக்கிக் கட்டு."

முடிச்சை அவிழ்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக் கட்டினாள். கேட்டிலிருந்து பாலு எட்டிப் பார்த்து, மகள் கண்ணில் பட்டதும் கையை உயர்த்திக் காட்டினார். அவள் அடுத்த கூடைக்குள் கையை விட்டாள்.