வலது கால்

என் வீட்டுக்காரர் இருபது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவர். விடுமுறைக்குக் கடற்கரை ஊர்களைச் சுற்றிப் பார்க்க டிரைவரோடு ஒரு வாடகைக் கார் எடுத்தோம். முன்சீட்டில் உட்கார்ந்தவர், வளைவு வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கடல் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை.

"காலைக் கொஞ்சம் சும்மா வைங்க. அவருக்கு ஓட்டத் தெரியும்" என்று பல்லைக் கடித்தேன்.

மூன்றாவது ஊரில் பழைய கோட்டை. பிள்ளைகளும் நானும் உச்சிவரை ஏறினோம். இவர் வாசலிலேயே உட்கார்ந்து வலது காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது முன்சீட்டில் நான் ஏறப் போனேன். டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, அண்ணனே முன்னாடி உக்காரட்டும். இந்த மாதிரி வளைவு ரோடு எனக்குப் புதுசு. அவர் மிதிச்ச இடத்துலதான் நானும் மிதிச்சேன்."